துக்கம் மறைத்த குற்றம்

குவேக்கர்ஸ் ஹில்
3 யூலை 2023

அன்புள்ள கௌரிக்கு,

என்னுடைய நம்பரை நீ தடுத்து வைத்திருக்கிறாய் என்று உன் அண்ணி நிரூபா சொன்னாள். அதனால் தபாலில் எழுதுகிறேன். தமிழில் கடைசியாகக் கடிதம் எழுதியது எப்போது என்று நினைவில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

அம்மாவின் முப்பத்தோராம் நாள் 14ம் திகதி வெள்ளிக்கிழமை வருகிறது. காலையில் நெப்பியன் ஆற்றில் அஸ்தி கரைத்துவிட்டு வந்து வீட்டில் கிரியை செய்யலாம் என்று ஐயர் சொல்கிறார். நீ வரவேண்டும். என்னோடு கதைக்க வேண்டாம். வந்து நின்றால் போதும்.

எட்டாம் நாள், எட்டுச் செலவு அன்று, நீ எல்லாருக்கும் முன்னால் சொன்னது எனக்கு இன்னும் காதுக்குள் நிற்கிறது. "ஒரு நாள் முன்னம் தெரிஞ்சிருந்தாலும் வந்திருப்பன். பெத்த தாயின்ர முகத்தைக்கூடக் காட்டாமல் எரிச்சுப்போட்டியள்." சிறிதரன் மாமா அந்த இடத்திலேயே எழும்பி வெளியே போனவர்தான். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. அம்மாவுக்கு இருந்த ஒரே தம்பி. அவருக்குக் கோபம் வரும்தானே.

நடந்ததைச் சொல்கிறேன். பெப்ரவரியில் கணையத்தில் புற்றுநோய் என்று சொன்னார்கள். நீ மார்ச்சில் சீனாவுக்குப் போக இருந்தாய். அம்மா என்னைக் கூப்பிட்டு, "அவள் இந்தப் பயணத்துக்கு எத்தினை வருசமாய்க் காத்திருந்தவள். சொன்னியெண்டால் போகமாட்டாள். என்ர தலையில கை வைச்சுச் சத்தியம் பண்ணு" என்றா. நான் பண்ணினேன். நீ வீடியோவில் எடுக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் முகம் கழுவி, பொட்டு வைத்து, தலையணையை முதுகுக்குக் கொடுத்து நிமிர்ந்து இருப்பா. போனைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். அது என்னுடைய பிழை. அதை யாரிடமும் மறுக்கவில்லை.

இறந்த அன்று மத்தியானம் உனக்குப் போன் எடுத்தேன். நிறுத்தி வைத்திருந்தாய். ஈமெயில் போட்டேன். சனிக்கிழமைக்கு மேல் உடலை வைத்திருக்க வேண்டாம் என்று எல்லாரும் சொன்னார்கள். உன் பதில் ஞாயிற்றுக்கிழமைதான் வந்தது.

வா கௌரி.

அண்ணா
கேதீஸ்

*

ரோவில்
24 யூலை 2023

அண்ணா,

கடிதம் 14ம் திகதிக்கு முன்னமே கிடைத்தது. வந்திருக்கலாம். வரவில்லை.

நான் என்ன படிக்கிறேன், என்ன படிப்பிக்கிறேன் என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. மேய்ஸ் ஹில் கோயிலில் யாராவது விசாரித்தால் "ஏதோ சீனச் சரித்திரம்" என்று சொல்லிவிட்டுக் கார் நிறுத்த இடம் கிடைத்ததா என்று கேட்பீர்கள். இப்போது நானே சொல்கிறேன்.

ஆயிரம் வருடங்களுக்கு முன்னால் சீனாவில் சோங் அரசர்கள் ஆண்டார்கள். அரசாங்க வேலைக்குப் பரீட்சை எழுத வேண்டும். தலை நரைக்கும்வரை எழுதித் தோற்றவர்களும் உண்டு. அப்படிப் பாஸ் பண்ணி, வேலை கிடைத்து, ஒரு மாவட்டத்துக்கு அதிகாரியாகப் போயிருக்கிற ஒருவனுக்கு ஊரிலிருந்து செய்தி வருகிறது, தாய் இறந்துவிட்டாள் என்று. அவன் அன்றைக்கே முத்திரையை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். இருபத்தேழு மாதம். இறைச்சி இல்லை, இசை இல்லை, விருந்து இல்லை. கணக்கெழுதுகிறவனுக்கும் அதுதான், முதலமைச்சருக்கும் அதுதான். அவசரமென்று பேரரசரே திருப்பி அழைத்தால் போகலாம். ஆனால் போனவனை ஊர் மதிக்காது.

பெற்றவளுக்குக் கடமை செய்யாதவன் அரசனுக்கும் செய்யமாட்டான் என்று அவர்கள் நம்பினார்கள். அதனால் துக்கம் வீட்டு விஷயமாக இருக்கவில்லை. அரசாங்க விஷயமாக இருந்தது. எனக்கு என் பல்கலைக்கழகம் தந்த விடுமுறை மூன்று நாள். ஒரு படிவத்தில் "உறவுமுறை" என்ற கட்டத்தில் தாய் என்று குறித்துக் கொடுத்தேன்.

அந்தச் சட்டத்தில் ஒரு குற்றம் இருக்கிறது. பெற்றோர் இறந்த செய்தியை மறைப்பது. பதவி போய்விடும் என்ற பயத்தில் சிலர் கேட்டும் கேளாததுபோல் இருந்துவிடுவார்கள். பிடிபட்டால் ஆயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் நாடு கடத்துவார்கள். மன்னிக்கவே கூடாத பத்துக் குற்றங்களின் பட்டியலில், அரசனுக்கு எதிரான சதியோடு ஒன்றாக இதையும் வைத்திருந்தார்கள்.

எங்கள் வீட்டில் மறைத்தவர் நீங்கள். அம்மா கேட்டா என்று சொல்கிறீர்கள். அம்மா கேட்டதையெல்லாம் செய்தீர்களா? சத்தியத்தை மீறியிருக்கலாம். அம்மா இரண்டு நாள் கோபமாக இருந்திருப்பா. எனக்கு மூன்று மாதம் கிடைத்திருக்கும்.

இனி எழுத வேண்டாம்.

கௌரி

*

குவேக்கர்ஸ் ஹில்
8 ஒக்டோபர் 2023

அன்புள்ள கௌரிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். ஒரு விஷயம் கேட்கவேண்டியிருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். நான் ரயில் சிக்னல் திருத்துகிறவன். எனக்குச் சட்டம் தெரியாது. ஆனால் இருபத்தேழு மாதம் என்பது சரியான கணக்காகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நான் ஐந்தாம் நாள் வேலைக்குப் போனேன். செவன் ஹில்ஸுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு எந்த வயரை எங்கே கொழுவுவது என்று தெரியாமல் நின்றேன். பதினெட்டு வருஷமாகச் செய்கிற வேலை. கூட வந்தவன் என்னைக் காருக்குள் இருத்திவிட்டுத் தானே செய்தான்.

கேட்க வந்தது இதுதான். அஸ்தியை நான் கரைக்கவில்லை. அன்று ஆற்றங்கரைவரைக்கும் கொண்டுபோனேன். ஐயர் மந்திரம் சொல்லத் தொடங்கினார். நீ ஒருவேளை பிந்தி வருவாய் என்று சொல்லி நிறுத்தச் சொன்னேன். அவருக்கு நல்ல கோபம். ஒரு மணித்தியாலம் நின்றோம். பிறகு வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன். வீட்டுக்குள் வைத்திருக்கக்கூடாது என்று எல்லாரும் சொல்கிறார்கள். கராஜில் ஒரு தட்டைத் துடைத்து அதில் வைத்திருக்கிறேன். நிரூபா ஒன்றும் சொல்வதில்லை, ஆனால் கராஜுக்குள் போகமாட்டாள். என்ன செய்ய? நீ வருவாயா, இல்லையா?

இன்னொன்றும். நீ அனுப்பிய படம், அந்தச் சுவான்சோ என்ற ஊரில், நம்முடைய ஆட்கள் வியாபாரத்துக்குப் போய்க் கட்டிய கோயிலில் இருந்த சிவன் சிற்பம் என்று சொன்னாயே, அதை நிரூபா அச்செடுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தாள். வருகிற நேர்ஸ்மார் எல்லாருக்கும் அம்மா காட்டுவா. "சைனாவில எங்கட சிவன். என்ர மகள்தான் கண்டுபிடிச்சது." நான் அதை இங்கிலீஷில் சொல்லவேண்டும். நீ கண்டுபிடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அம்மா சொன்னதை அப்படியே சொன்னேன்.

அண்ணா

*

ரோவில்
11 பெப்ரவரி 2024

அண்ணா,

நான்கு மாதமாகப் பதில் எழுத முடியவில்லை. எழுதத் தொடங்கிக் கிழித்தவை இருக்கின்றன.

அஸ்தி பற்றி எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் கரைத்துவிடுங்கள் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். எழுத முடியவில்லை. கரைக்க வேண்டாம் என்று எழுதவும் எனக்கு உரிமையில்லை.

புத்தகம் நின்றுபோய்விட்டது. சீனாவில் ஒரு குலத்தாரின் பழைய பதிவேட்டைப் பார்க்க எனக்கு அனுமதி கிடைத்தது. அதை வைத்து எழுதவேண்டிய அத்தியாயம் ஒன்று இருக்கிறது. மற்ற எல்லா அத்தியாயமும் முடிந்துவிட்டன. அதைப் பார்த்து எழுதிவந்த குறிப்பேட்டைத் திறந்தவுடனே மூடிவிடுகிறேன்.

வகுப்பில் போன கிழமை மரணத்துக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று அந்த மக்கள் நம்பியதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். கீழுலகத்தில் பத்து அரசர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கச்சேரி, எழுத்தர்கள், பதிவேடுகள். மேலே நடக்கிற அரசாங்கம்போலவே கீழேயும் ஒன்று. இறந்தவர் ஏழாம் நாள் முதல் அரசன் முன்னால் நிற்கவேண்டும். ஏழேழு நாளாக ஏழு அரசர்கள். நூறாம் நாள் எட்டாவது. ஒரு வருடத்தில் ஒன்பதாவது. மூன்றாவது வருடத்தில்தான் கடைசித் தீர்ப்பு. ஒவ்வொரு தவணைக்கும் பிள்ளைகள் வீட்டிலிருந்து படையல் அனுப்பவேண்டும். அனுப்பாவிட்டால் இறந்தவர் அந்தந்த வாசலில் காத்து நிற்பார்.

ஒரு மாணவி கையை உயர்த்தினாள். பிள்ளைகள் துக்கத்தை மறைத்தார்கள், ஆனால் பிடிபடவேயில்லை என்றால், அந்தத் தாய்க்கு என்ன நடக்கும் என்று கேட்டாள். நல்ல கேள்வி. எனக்கு விடை தெரியும். நான் புத்தகங்களை அடுக்கிக்கொண்டு, வகுப்பு முடிந்தது என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். கடைசியில் அம்மா என்னைக் கேட்டாவா?

கௌரி

*

குவேக்கர்ஸ் ஹில்
27 பெப்ரவரி 2024

அன்புள்ள கௌரிக்கு,

ஓம். கேட்டவ.

அதற்கு மேல் இப்போது கேட்காதே. நேரில் வா, சொல்கிறேன். ஆண்டுத் திவசம் யூன் முதல் கிழமையில் வரும். திதி பார்த்துச் சரியான நாளை எழுதிவிடுகிறேன்.

பத்து ராசாக்கள் பற்றி நிரூபாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவளுக்கு நீ நினைப்பதைவிட உன்மேல் பாசம். "மச்சாள் தனிய இருந்து இதையெல்லாம் யோசிக்கிறா, ஆரும் போய்ப் பாக்கேலாதோ" என்று கேட்டாள். ரோவிலுக்கு ரயில் இல்லை என்று சொன்னேன். பகிடிக்குத்தான். அவள் சிரிக்கவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணா

*

ரோவில்
7 யூலை 2024

அண்ணா,

திவசத்துக்கு நான் வரவில்லை. டிக்கெட் எடுத்திருந்தேன். விமான நிலையத்துக்குப் போகிற பஸ்ஸில் ஏறி, பாதியில் இறங்கினேன்.

நேற்று நிரூபா அண்ணி போன் எடுத்தா. திவசத்துக்கு ஐயரையும் சேர்த்து நான்கு பேர்தான் வந்தார்கள் என்று சொன்னா. நாற்பது பேருக்குச் சமைத்து, அவ்வளவையும் ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தீர்களாம். மாமாவைக் கூப்பிட நீங்களே வீட்டுக்குப் போனீர்களாம். அவர் கதவைப் பாதி திறந்து, "தாயைப் பிள்ளைக்குக் காட்டாமல் எரிச்சவன்ர வீட்டில எனக்குச் சோறு இறங்காது" என்று சொன்னாராம். நீங்கள் "சரி மாமா" என்று சொல்லிவிட்டு வந்தீர்களாம்.

சரி மாமா. அந்த இரண்டு சொல்லும் என்னை நேற்றிலிருந்து இருக்கவிடவில்லை. அதனால் எழுதுகிறேன். முழுவதையும் வாசியுங்கள்.

எனக்குத் தெரியும் அண்ணா.

ஞாயிற்றுக்கிழமை, யூன் 11, அம்மா எனக்குப் போன் எடுத்தா. வழக்கமாக நான்தான் எடுப்பேன். அன்று அவவே எடுத்தா. படம் இல்லை, குரல் மட்டும். நீங்கள் கன்ரீனுக்குப் போயிருக்கிறீர்கள் என்றா. "நான் ஆஸ்பத்திரியில கிடக்கிறன் பிள்ளை. கொண்ணாவை நான்தான் சத்தியம் பண்ண வைச்சனான். இப்ப எனக்கு ஏலாமல் கிடக்கு. உன்னை ஒருக்காப் பாக்கவேணும். நான் சொன்னதெண்டு அவனுக்குச் சொல்லாதை, சத்தியத்தை நானே முறிச்சுப்போட்டன் எண்டு வெக்கமாய்க் கிடக்கு." நான் அழுதேன். புதன்கிழமை காலையில் வந்துவிடுவேன் என்று சொன்னேன். டிக்கெட்டும் எடுத்தேன்.

அன்று பின்னேரம் அந்தக் குலத்தாரின் மண்டபத்திலிருந்து செய்தி வந்தது. இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த பதிவேட்டைப் பார்க்கலாம். திங்கள் முதல் வெள்ளி வரை, ஐந்து நாள். பிறகு அதைத் திருத்தி ஒட்டக் கொண்டுபோய்விடுவார்கள். எப்போது திரும்பி வரும் என்று தெரியாது.

இரண்டு நாள் பார்த்துவிட்டுச் செவ்வாய் பின்னேரம் கிளம்பலாம் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் தேடியது கிடைத்தது. ஒரு சின்ன மாவட்ட அதிகாரி. தாய் இறந்த கடிதம் வந்தபோது அவனுடைய பதவி உயர்வுக்கு எட்டு மாதம் இருந்தது. கடிதத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டான். அந்த விசாரணை முழுவதும் அதில் இருந்தது. யாரும் வாசிக்காத பக்கங்கள். நான் விமானத்தைத் தவறவிட்டேன். தெரிந்துகொண்டுதான் தவறவிட்டேன். சனிக்கிழமை போகலாம், அதுவரை அம்மா இருப்பா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

புதன்கிழமை உங்கள் ஈமெயில் வந்தது. மத்தியானமே வாசித்தேன். காலையிலிருந்தே நிறுத்தி வைத்திருந்த போனை அப்படியே விட்டேன். திரும்ப உள்ளே போய்க் கதிரையில் இருந்து படியெடுத்தேன். வியாழனும் வெள்ளியும் எடுத்தேன். அந்த மனிதர்கள் எனக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தார்கள். நான் சிரித்து நன்றி சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை, இப்போதுதான் பார்த்தேன் என்று உங்களுக்கு எழுதினேன்.

வீட்டு வாசலில் உங்களைக் கண்டதும், நீங்கள் என்னை ஏதோ கேட்கப்போகிறீர்கள் என்று பயந்தேன். கேட்பதற்கு முன் நான் கத்தத் தொடங்கினேன். ஒரு நாள் முன்னம் தெரிந்திருந்தாலும் வந்திருப்பேன் என்றேன். கத்தக் கத்த அது உண்மைபோல இருந்தது.

அந்த அதிகாரியின் அண்ணனையும் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். செய்தி அனுப்பினாயா என்று கேட்டார்கள். அவன் பதில் சொல்லவில்லை. அவனை அடிக்கவில்லை, தண்டிக்கவில்லை. ஏனென்றால் ஒரே வீட்டுக்காரர் ஒருவருடைய குற்றத்தை ஒருவர் மறைக்கலாம் என்று அதே சட்டம் அனுமதித்திருந்தது. அரசனுக்கு எதிரான சதியைத் தவிர மற்றவற்றை மறைக்கலாம். மனிதரை அறிந்தவர்கள் எழுதிய சட்டம் என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு.

நீங்கள் எதையும் மறைக்க வேண்டாம். இந்தக் கடிதத்தை மாமாவிடம் காட்டுங்கள்.

கௌரி

*

குவேக்கர்ஸ் ஹில்
19 யூலை 2024

கௌரி,

உன் கடிதத்தை யாருக்கும் காட்டவில்லை. நிரூபாவுக்குக்கூட.

எனக்கு முதலே தெரியும்.

கடைசியில் அம்மா உன்னைக் கேட்டாவா என்று கேட்டாய். சொல்கிறேன். புதன்கிழமை விடிய அம்மா நல்ல தெளிவாக இருந்தா. நான் முகம் துடைத்துவிட்டேன். "வெளிக்கிடு, வெளிக்கிடு" என்றா. எங்கே என்று கேட்டேன். "ஏர்போட்டுக்கு. கௌரி வாறாள். பெட்டியளோட தனிய நிக்கப்போறாள்."

மருந்து மயக்கத்தில் ஏதோ சொல்கிறா என்று நினைத்தேன். "ஆர் சொன்னது?" என்று கேட்டேன். "எனக்குத் தெரியும், நீ போ" என்றா. நான் அசையவில்லை. அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. கையை உயர்த்த முயற்சி செய்தா, முடியவில்லை. நேர்ஸ் என்னை வெளியே கூப்பிட்டு, சும்மா ஒரு சுற்றுப் போய்விட்டு வாருங்கள், அவர் அமைதியாகட்டும் என்றாள். "சரி அம்மா, போட்டு வாறன்" என்று சொன்னேன். "கெதியாப் போ. அவளை நிக்க வைக்காதை." அம்மா என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

கார் பார்க்கில் இருந்துவிட்டுத் திரும்பி வந்திருக்கலாம். ஆனால் பொய் சொன்னதுபோல இருக்கும் என்று நினைத்துக்கொண்டு உண்மையாகவே ஏர்போட்டுக்குப் போனேன். பார்த்தால் சீனாவிலிருந்து ஒரு விமானம் வந்து நின்றது. அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்று ஆச்சரியப்பட்டேன். ஆட்கள் வெளியே வருகிற இடத்துக் கம்பிக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். கடைசியாக விமானப் பணிப்பெண்கள் வந்தார்கள். அதற்குப் பிறகும் நின்றேன். அங்கே நிற்கும்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது.

அம்மா போனபோது நான் பக்கத்தில் இல்லை. கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று எல்லாருக்கும் சொல்லியிருக்கிறேன். நிரூபாவுக்கும் அதைத்தான் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து அம்மாவின் போனைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை உனக்கு எடுத்தது, இருபத்திரண்டு நிமிடம். அப்போது எல்லாம் விளங்கியது. நீ வந்து எட்டுச் செலவு வீட்டில் கத்தும்போது அந்தப் போன் என் சட்டைப்பையில் இருந்தது.

நான் உன்னைக் காப்பாற்றினேன் என்று நினைக்காதே. முதலில் அப்படித்தான் நினைத்தேன். அம்மாவை எரித்த சூடு ஆறமுதல் தங்கச்சியை நாலு பேருக்கு முன்னால் நிறுத்தக்கூடாது என்று நினைத்தேன். பிறகு அது மாறிவிட்டது. உன் முதல் கடிதம் வந்ததே, "எங்கள் வீட்டில் மறைத்தவர் நீங்கள்" என்று. அதை வாசித்தபோது, இவள் எவ்வளவு தூரம் போகிறாள் பார்ப்போம் என்று இருந்தேன். நீயே சொல்லவேண்டும் என்று இருந்தேன். ஆற்றங்கரையில் நின்றது, திவசத்துக்குக் கூப்பிட்டது எல்லாம் பாசம் மட்டுமில்லை. உனக்கு அது நோகவேண்டும் என்றும் இருந்தது. மாமா கதவைச் சாத்தியபோது எனக்கு ஒருவிதத் திருப்தியும் இருந்தது. இன்னும் கொஞ்சம் கனமாகட்டும், இவள் தலையில் விழட்டும் என்று.

வீட்டுக்காரர் மறைக்கலாம் என்று உன் சட்டம் சொல்கிறது. மறைத்தவனுக்கு உள்ளே என்ன நடக்கும் என்று அதில் எழுதவில்லை போலிருக்கிறது.

ஓகஸ்ட் 3ம் திகதி சனிக்கிழமை அஸ்தியைக் கரைக்கப்போகிறேன். ஐயரிடம் நேரம் கேட்டுவிட்டேன், பத்து மணி. பென்ரித்தில், ஆற்றுப் பாலத்துக்குக் கீழே. வருவதென்றால் வா. இந்த முறை காத்து நிற்கமாட்டேன்.

ஏர்போட்டுக்கு நான் வரமாட்டேன். என்னால் அந்த இடத்தில் நிற்க ஏலாது. அங்கிருந்து ரயிலில் வா, அல்லது டக்ஸி பிடி.

கேதீஸ்

*

ரோவில்
11 ஓகஸ்ட் 2024

அண்ணா,

போன கிழமை நேரில் சொல்லாத சிலதை எழுதுகிறேன். நேரில் நாங்கள் இருவரும் அதிகம் கதைக்கவில்லைதானே.

வெள்ளிக்கிழமை வந்து இறங்கியதும் உள்நாட்டு முனையத்திலிருந்து நேரே வெளிநாட்டு முனையத்துக்குப் போனேன். நீங்கள் நின்றதாக எழுதிய அந்தக் கம்பியைத் தேடினேன். எது என்று தெரியவில்லை, நீளமாக இருந்தது. ஓர் இடத்தில் நின்றேன். வருகிறவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். யாரோ யாரையோ கட்டிப்பிடித்தார்கள். ஒரு மணித்தியாலம் நின்றிருப்பேன். அங்கேயிருந்து மாமா வீட்டுக்குப் போனேன்.

மாமாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் ஏர்போட்டுக்குப் போனதைத் தவிர. அது நீங்கள் சொல்லவேண்டியது, சொன்னால் சொல்லுங்கள். அவர் முழுவதையும் கேட்டார். "நீ இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாம்" என்றார். "ஓம் மாமா" என்றேன். "அவன்ர வாசலுக்கு நான் என்னெண்டு போறது இனி?" என்று கேட்டார். என்னைப் போகச் சொல்லவுமில்லை, இருக்கச் சொல்லவுமில்லை. மாமி ஒரு போர்வை கொண்டுவந்து சோபாவில் வைத்தா.

அடுத்த நாள் ஆற்றங்கரைக்கு அவர் என்னோடு வந்து இறங்கியபோது உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. "செருப்பைக் கழட்டு, தண்ணி ஏறும்" என்று மட்டும் சொன்னீர்கள். பானையை இருவரும் பிடிக்கவேண்டும் என்று ஐயர் சொன்னார். பிடித்தோம். அம்மா அவ்வளவு பாரமாக இருப்பா என்று நான் எதிர்பார்க்கவில்லை. சாம்பல் உடனே கரைந்து போகவில்லை. கொஞ்ச நேரம் எங்கள் காலைச் சுற்றியே நின்றது. பிறகு போனது.

அந்த அத்தியாயத்தை எழுதப்போவதில்லை என்று பதிப்பாளருக்குச் சொல்லிவிட்டேன். படியெடுத்ததை அந்தக் குலத்தாருக்கே திருப்பி அனுப்புகிறேன். யாராவது ஒருவர் எழுதட்டும். அதற்காக என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. நீங்கள் மன்னிக்கவில்லை என்று தெரியும். காரில் வரும்போது பின்சீட்டிலிருந்து உங்கள் கழுத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன், தெரிந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு அண்ணி குசினியிலிருந்து ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தா. மாமா வாசலுக்கு வெளியிலேயே நின்றார். நீங்கள் போய்க் கூப்பிடவில்லை. அவரே வந்தார். மேசையில் இருந்தார். அண்ணி தயங்கிக்கொண்டு நின்றா. மாமா சாப்பாட்டுக் கோப்பையைத் தானே எடுத்து உங்களுக்கு முன்னால் நீட்டி, "போடு கேதீஸ். பசிக்குது" என்றார்.

நீங்கள் அகப்பையை எடுத்தீர்கள். சோறு போட்டீர்கள். பருப்பு விட்டீர்கள். பிறகு அகப்பையைக் கீழே வைத்துவிட்டுப் பின்கதவைத் திறந்து வெளியே போனீர்கள்.

நாங்கள் மூன்று பேரும் மேசையில் இருந்தோம். முதலில் தண்ணீர்க் குழாய் திறந்த சத்தம் கேட்டது. பிறகு அதையும் மீறி உங்கள் சத்தம் கேட்டது. அண்ணி எழும்பினா. மாமா கையைக் காட்டி இருக்கச் சொன்னார். "விடு பிள்ளை. அவன் இன்னும் தாய்க்கு அழேல்லை" என்றார்.

நான் பின்கதவுக்குக் கிட்டப் போய், திறக்காமல், அங்கேயே நின்றேன்.

கௌரி